சுண்ணாம்பு கொட்டிய கை

அன்று காலையில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் வெடிக்கார முனுசாமி என்னை நிறுத்தி, தலைப்பாகையை அவிழ்த்தார். "சாராம்மா போயிட்டாங்க வாத்தியாரே. களிப்பானைய எறக்கி வெச்சிட்டு ஒக்காந்தாங்க, அப்பிடியே சாஞ்சிட்டாங்க." அதே மூச்சில், "மேஸ்திரி தலைமாட்டுல ஒக்காந்துகினு அழுவறாரு" என்றார். முதல் செய்திக்கு எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். இரண்டாவது செய்தி அதைத் தடுத்துவிட்டது. வந்தது கோபம்.

கோபம் எனக்குப் பழக்கமில்லை. மிஷன் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் பையன்களை அதட்டுவதற்குக்கூட எனக்குக் குரல் எழுந்ததில்லை. இதை எழுத நான் தகுந்தவன்தானா என்று பலமுறை யோசித்தேன். ஆனால் சாராள் அம்மாளை அறிந்தவர்களில் பேசத் தெரிந்தவர்கள் உண்மையைப் பேசவில்லை. ஆகவே, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாராள் அம்மாளின் களிக்கடை பாலகாட் பக்கம், தங்கச் சுரங்கத்துக்குப் போகும் வழியில் இருந்தது. புருஷன் சுரங்கத்துக்குள் இறந்த பிறகு அந்தக் கடையை வைத்தார். ஷிப்டுக்குப் போகிறவர்களில் அவர் கையால் தின்னாதவர்கள் குறைவு. கேழ்வரகு வாங்கும்போது மூட்டையின் மேலே இருப்பதை அவர் பார்க்கவே மாட்டார். வளையல்களை மேலே தள்ளிவிட்டு முழங்கை மறையக் கையை உள்ளே விடுவார். "தானியத்துக்கும் ஜொரம் வரும் வாத்தியாரே. நெத்தியத் தொட்டா தெரியாது, வயித்தத் தொடணும்" என்பார். உள்ளே சூடாக இருந்தால் அந்த மூட்டை கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தை மாதத்தில் சுற்றுக் கிராமங்களிலிருந்து நல்ல கேழ்வரகு மலிவாக வரும். அதே கேழ்வரகு ஒழுகும் கொட்டகைகளில் கிடந்து, எலி தின்றது போக, மழைக்காலத்தில் புழுத்துக் கட்டி தட்டி இரட்டிப்பு விலைக்கு நம்மிடம் வரும். விளைச்சல் குறைந்து நாம் பட்டினி கிடக்கவில்லை. விளைந்ததைக் கெடவிட்டுப் பட்டினி கிடந்தோம். இதைச் சகிக்காமல்தான் அவர், லைன்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கேழ்வரகு வாங்கி, கிராமத்தார் செய்வதுபோலக் குழியில் சேமிக்கலாம் என்றார். சுரங்கத்துக்கு ஆள் சேர்த்துவிடும் மேஸ்திரியைத் தலைவராக வைத்து ஒரு கமிட்டியும் ஏற்பட்டது.

பக்கத்து ஊர்க் கவுடர் ஒருவர், குழியைக் கடப்பாரையால் மெல்ல வெட்ட வேண்டும், உள்ளே உமியை எரித்துச் சுவரைச் சுட வேண்டும், நாள் பிடிக்கும் என்றார். நம்மவர்கள் சிரித்தார்கள். "பூமிக்குள்ளயே குடித்தனம் பண்றவங்களுக்குக் குழி தோண்டச் சொல்லித் தர்றாரு பாரு!" சாராள் அம்மாளுக்கும் பொறுமையில்லை. வாங்கிய கேழ்வரகு வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. "எலி துன்னுகினு கீது, நீங்க கடப்பாரைக்குப் பொட்டு வெச்சிகினு கீறீங்க. மருந்த வை முனுசாமி!" என்று கத்தினார். கிணறு வெட்டுகிறவர்களிடம் வெடிமருந்து வாங்கி முனுசாமி வெடி வைத்தார். ஒரே பகலில் குழி தயாராகிவிட்டது. களிமண் பூசி, வைக்கோல் போட்டு, கேழ்வரகைக் கொட்டி, வாயைக் கல்லால் மூடினோம். வெடியில் பாறை எங்கெல்லாம் விரிசல் விட்டது என்பது பூச்சுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

மழைக்கு விரிசல் தெரிந்திருந்தது. ஆவணியில் கல்லை நகர்த்தி, கெட்ட காற்று போகட்டும் என்று காத்திருந்து, விளக்கை இறக்கிப் பார்த்த பிறகு முனுசாமி உள்ளே இறங்கினார். கேழ்வரகுக்குள் கையை விட்டார். பிறகு, "உள்ள வேவுதும்மா" என்றார். ஒரு பக்கம் முழுவதும் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, கட்டி கட்டியாக வெளியே வந்தது. கெட்டதையெல்லாம் தனியாகக் குவித்தார்கள்.

மேஸ்திரி குவியலைச் சுற்றி வந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். "இன்னா இப்போ? காய வெச்சி நல்லதோட கலந்துடலாம். வேலூர்ப் பக்கத்துலேர்ந்து புது ஆளுங்க ரயில்ல வர்றாங்க. பசியில எவன் மோந்து பாக்கறான்?" கமிட்டியார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நானும் அந்த ரயில்ல வந்தவதான்யா" என்றார் சாராள் அம்மாள்.

"உனுக்குத்தாம்மா நஷ்டம் ஜாஸ்தி. உன் கடைக் கேவுரு மொத்தமும் இதுல கீது."

"ஆமா. வெடி வெக்கச் சொன்னதும் என் வாய்தான். அந்த வாய்க்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஊரான் வவுத்த இதுல இஸ்காதே."

யாரோ வெள்ளையடிப்பதற்காகத் தொட்டியில் சுண்ணாம்பு நீற்றி வைத்திருந்தார்கள். அவர் ஒரு குடம் மொண்டு வந்து குவியலின் மேல் கொட்டினார். மறுபடி மொண்டு வந்தார். மேஸ்திரி கையைப் பிடிக்க வந்தபோது, "தொடு, உனுக்கும் வெள்ளையடிச்சிடறேன்" என்றார். குவியல் முழுவதும் வெளுக்கும்வரை அவர் நிறுத்தவில்லை.

அதற்கு நாம் செய்த மரியாதை என்ன? பல மாதம் அவர் கடைப் பக்கமே போகவில்லை. 'சுண்ணாம்புக்காரி' என்று பெயர் வைத்தோம். நம் பிள்ளைகள் அதைப் பாட்டாகக் கட்டி அவர் காதுபடப் பாடினார்கள். "சுண்ணாம்பு இல்லாம வெத்தில செவக்குமாடா, போங்கடா" என்று அவர் விரட்டுவார். கடையில் பானை ஆறிக் கிடந்தது. மறு தையில் அவரே வீடு வீடாக வந்து கெஞ்சி, கடப்பாரைக் குழி வெட்ட வைத்தார். உமி எரித்துச் சுட்ட அந்தக் குழியில் போட்ட கேழ்வரகு, போட்டபடியே வெளியே வந்தது. அன்று முதல் வருஷாவருஷம் அதைத் தின்று வருகிறோம். தின்ற வாய்களில் ஒன்றாவது அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதா?

சாராள் அம்மாள் இறந்த மூன்றாம் நாள் ஜெபத்தில் மேஸ்திரி எழுந்து, "லைனுக்கே தாயா இருந்தாங்க" என்றார். நீங்கள் எல்லாரும் 'ஆமென்' என்றீர்கள். அன்றைய சாப்பாட்டுக்கு மேஸ்திரி கொடுத்த அரிசி மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. நான் ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து முழங்கைவரை கையை விட்டேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. விரலில் ஈரமாக ஒட்டியது.

"இது சூடா இருக்கு" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"இன்னா வாத்தியாரே, துக்க வூட்டுல வந்து மூட்டையத் தடவிகினு!" என்றார் மேஸ்திரி. சிலர் சிரித்தார்கள். முனுசாமி சிரிக்கவில்லை. வந்து தன் கையையும் உள்ளே விட்டார். பிறகு வெளியே போய், சுண்ணாம்புக் குடத்தோடு திரும்பி வந்தார். அன்று எல்லாரும் தின்றது குழிக் கேழ்வரகில் கிண்டிய களி.

சாராள் அம்மாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். இப்போது எந்தக் கடையிலும் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிறேன். சூடாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்கிறேன். காதில் விழாவிட்டால் மறுபடி சொல்கிறேன்.