ஏரிக்கரை முகாமுக்கு ஒரு ஜீப்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக உண்டு. எந்தக் குளிர்காலத்தில் முதல் உறைபனி எந்த நாளில் விழுந்தது, குன்னூர் மார்க்கெட்டுக்கு முதல் பிளம்ஸ் கூடை எப்போது வந்தது, மண் சரிந்து மலை ரயில் எத்தனை நாள் நின்றது என்றெல்லாம் கேட்டால் எடுத்துச் சொல்ல முடியும். அந்த ஒரு மே மாதத்துப் பக்கங்களை மட்டும் நான் திருப்பிப் பார்த்ததே இல்லை. போன வாரம் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமைக்கு எதிரே என் கையெழுத்தில் "ஜீப் உறுதி" என்று இருந்தது. அப்படி எழுதிய அன்று நான் தொலைபேசியில் கேட்டது வேறு.

தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருஷம் அது. வெலிங்டனில் ஓர் அலுவலகத்தில் சிவிலியன் குமாஸ்தாவாக இருந்தேன். எங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். தேயிலை வீழ்ச்சி என்பது எங்கள் செக்‌ஷனில் பேப்பரில் படிக்கிற விஷயம். நான் ஒரு படி மேலே போய் அந்தச் செய்திகளையெல்லாம் வெட்டி, தேதி குறித்து, ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு வந்தேன். தோட்டக்காரர்கள் மறியல் செய்தது, ஃபேக்டரிகள் இலை வாங்காமல் திருப்பி அனுப்பியது எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. பிற்காலத்தில் யாருக்காவது பயன்படும் என்று நினைத்தேன்.

முகாம் போகும் ஆசை புத்தகங்களிலிருந்து வந்தது. மலைகளில் கூடாரம் அடித்துத் தங்கியவர்களின் பயணக் குறிப்புகளைத் தேடித் தேடிப் படிப்பேன். இந்த நீலகிரியிலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு ராத்திரி கூட வெளியில் படுத்ததில்லையே என்று தோன்றியது. குந்தாவுக்கு மேலே ஓர் அணை ஏரி உண்டு. அதன் கரையில் சமதளமான ஒரு முகாம் மைதானமும், சமைக்க ஒரு தகரக் கொட்டகையும் இருந்தன. முன்னதாக எழுதிக் கேட்டால் அனுமதிக் கடிதம் தருவார்கள். செக்‌ஷனில் நாலு பேர் போவதாகப் பேச்சு. நான், எங்கள் சூப்பரின்டென்ட், இன்னும் இரண்டு சகாக்கள்.

நான் திட்டம் போட ஆரம்பித்தேன். அதுதான் ஓயவில்லை. முதல் வருஷம் மழை அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒத்தி வைத்தேன். மறு வருஷம் கூடாரம் சரியில்லை என்று ஒத்தி வைத்தேன். பிறகு ராணுவத்தில் கழித்த சாமான் விற்கும் ஒருவரிடம் ஒரு கேன்வாஸ் கூடாரம் வாங்கினேன். நனையாமலே இரண்டு ஆள் சுமை அது, இரும்புக் கம்பங்கள் தனி. மூன்றாவது வருஷம் திட்டத்தை டைப் அடித்து ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். யார் எந்தப் பக்கம் படுப்பது, உப்புமாவுக்கு ரவை எவ்வளவு, அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி யார் கொண்டு வருவது என்று மூன்று பக்கம்.

சூப்பரின்டென்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "இதை வெச்சு ஒரு சண்டையே நடத்தி ஜெயிச்சிரலாம்யா. ஏரிக்குப் போக முடியுமான்னுதான் தெரியல" என்றார். செக்‌ஷனே சிரித்தது. "நான் ஜூன்ல ரிட்டயர்டு. அதுக்கப்புறம் நாலாவது பதிப்பை எங்க ஊட்டுக்குத் தபால்ல அனுப்பிரு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு என்னைத் தைத்துவிட்டது. இந்த முறை போயே தீருவது என்று முடிவு செய்தேன். மே மாதத்தில், மழைக்கு முந்திய பௌர்ணமியை ஒட்டின சனி, ஞாயிறு. பௌர்ணமி பார்த்தேன், பள்ளி விடுமுறைக் கூட்டம் பார்த்தேன், ஊட்டி மலர்க் கண்காட்சி நாட்கள் பார்த்தேன். அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. வண்டிதான் பாக்கி. மைதானத்துக்கு இறங்கும் கடைசி மூன்று மைல் பாதை ஜீப் தவிர எதற்கும் வழிவிடாது.

ஜீப் என் மைத்துனனிடம் இருந்தது. என் மனைவியின் தம்பி. பிக்கட்டிப் பக்கம் சரிவில் கொஞ்சம் தேயிலை வைத்திருந்தான். அவனும் அவன் மனைவியுமே பறிப்பார்கள். பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை கட்டி அந்தப் பழைய ஜீப்பில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டு போவான். அவன் வீட்டில் தொலைபேசி கிடையாது. பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டுக் காத்திருந்தால் ஓடி வந்து எடுப்பான்.

அந்தத் திங்கட்கிழமை அப்படித்தான் எடுத்தான். மூச்சு வாங்கினான். சனிக்கிழமை ஜீப் வேண்டும் என்றேன்.

"சனிக்கெழமையாங்க மாமா? அன்னைக்கு நம்ம முறைங்க."

முறை என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் ஃபைலிலேயே இருந்தது. வருகிற இலையை எல்லாம் வாங்க முடியாமல் ஃபேக்டரிகள் அந்த வருஷம் ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் பதினைந்து நாளைக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தன. அந்த நாளில், மதியம் கேட் மூடுவதற்குள் இலையைக் கொண்டு போய்ப் போட வேண்டும். விட்டால் அடுத்த முறைக்குள் இலை முற்றிவிடும், முற்றின இலையை யாரும் தொட மாட்டார்கள். இவ்வளவும் தெரிந்த நான், "வேற யாரு வண்டியிலயாவது ஏத்தி விட முடியாதா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"பாக்கறேங்க."

"அப்ப ஜீப்பை வெச்சுக்கலாம்தானே?"

"வெச்சுக்குங்க மாமா."

போனை வைத்துவிட்டு டைரியை எடுத்து எழுதிவிட்டேன். அவர்கள் குடும்பத்தில் அக்கா புருஷன் கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. சொன்னால் அது அக்காவின் வாழ்க்கையில் போய் விழும் என்பது அவர்கள் எண்ணம். அவன் 'பாக்கறேங்க' என்றதுதான் அவனால் சொல்ல முடிந்த அதிகபட்ச மறுப்பு. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து இது எனக்குத் தெரியாதென்று சொன்னால் பொய். தெரிந்துதான் கேட்டேன்.

அதற்கு முந்தின வாரமே அனுமதி கொடுக்கும் அலுவலகத்து எழுத்தர், ஒரு கடிதம் எழுதினால் அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தாமாகவே சொல்லியிருந்தார். அடுத்த வாரம் தேய்பிறை. நிலா பிந்தித்தான் எழும். அதோடு, ஒத்தி வைத்தேன் என்று செக்‌ஷனில் சொல்ல எனக்கு வாய் வராது.

புதன்கிழமை ஒரு நாள் லீவு போட்டுப் பிக்கட்டி போனேன். கம்பங்கள் ஜீப்பில் நீட்டுவாக்கில் அடங்குமா என்று பார்க்க டேப் கொண்டு போயிருந்தேன். அளந்துகொண்டிருந்தபோது மைத்துனன் மனைவி கொழுந்துக் கூடையோடு தோட்டத்திலிருந்து ஏறி வந்தாள். என்னை அண்ணா என்பாள். வாய் அதிகம், எங்கள் எல்லோருக்கும் பிடித்தவள்.

"ஏனுங்ணா, ஜீப்புக்குச் சட்ட தெக்கப் போறீங்களா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே, "தெச்சா சீக்கிரம் தெச்சுக் குடுத்துருங்க. சனிக்கெழம அது எல போடப் போகோணும்" என்றாள். மைத்துனன் அவளைப் பார்த்து, உள்ளே போய் டீ வைக்கச் சொன்னான். அவள் ஏதோ சொல்ல வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள். டீ குடிக்கும்போது நாங்கள் மூவரும் ஏரியைப் பற்றித்தான் பேசினோம். குளிர் எப்படி இருக்கும், யானை வருமா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வேறு வண்டி கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீப்பை எங்கள் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தினான். உள்ளே ஒட்டியிருந்த இலைச் சருகையெல்லாம் கழுவித் துடைத்திருந்தான். முதலில் அவனே ஓட்டுவதாகப் பேச்சு. இப்போது தனக்கு வேலை இருக்கிறது, உங்கள் ஆள் யாராவது ஓட்டிக்கொள்ளட்டும் என்றான். இரண்டாவது கியர் விழ அடம் பிடிக்கும், கொஞ்சம் பொறுத்துப் போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தான். எனக்கு ஓட்டவே தெரியாது. அக்கா கொடுத்த காபியை நின்றபடியே குடித்துவிட்டு, பிக்கட்டி வழியாகப் போகும் கடைசி மஞ்சூர் பஸ்ஸுக்கு இறங்கிப் போனான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். திட்டத்தில் எட்டே கால். சகாக்களில் ஒருவர் ஓட்டினார். சூப்பரின்டென்ட் முன்னால், நானும் இன்னொருவரும் பின்னால் கூடாரத்தின் மேல். பிக்கட்டியை நெருங்கும்போது பத்து மணி தாண்டியிருக்கும். ஒரு வளைவு திரும்பியதும் சாலை நடுவில் தலைச்சுமையோடு இரண்டு பேர் எதிரே வந்தார்கள். பெரிய சணல் மூட்டைகள். மூட்டை வாயில் பச்சை இலை பிதுங்கியது. ஓட்டியவர் ஹாரன் அடித்தார்.

அந்த ஹாரன் சத்தம் என் மைத்துனனுக்குத் தெரியாதா? ஓரம் ஒதுங்கினான். ஒதுங்கினவன், மூட்டை தன் முகத்தை மறைக்கும்படி புதர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் திரும்பவில்லை. கழுத்து அசைக்க முடியாத சுமையோடு, ஜீப் கடந்து போகும் வரை என்னையே பார்த்தாள். ஃபேக்டரி அங்கிருந்து நாலு கிலோமீட்டர்.

சூப்பரின்டென்ட் கெட்ட மனிதர் இல்லை. நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார். "பாருய்யா, இந்தக் காலத்துலயும் தலைச்சுமை. ஒரு வண்டி கிண்டி வெச்சுக்கக் கூடாதா இவங்க?"

"ஆமாங்க சார்" என்றேன்.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கூடாரத்தை இறக்கி ஓரத்தில் போட்டுவிட்டு மூட்டைகளை ஏற்றியிருந்தால் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. இவன் என் மைத்துனன், இது அவன் வண்டி என்று சொல்லியிருந்தால் அந்த மனிதரே முதலில் இறங்கி மூட்டையைப் பிடித்திருப்பார். நான் அடுத்த வளைவு வரும் வரை கால்களுக்கு நடுவே இருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

ஏரி அழகாக இருந்தது. நிலா சொன்னபடி எழுந்தது. ஒரு குறையும் இல்லாமல் எல்லாம் திட்டப்படியே நடந்தது. இப்படி ஒரு ஏற்பாட்டைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சூப்பரின்டென்ட் என் முதுகில் தட்டினார். என்னால் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகவே சாப்பிட்டேன். தூங்கவும் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில், மற்ற இருவரையும் சாமான்களையும் பிக்கட்டி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, நானும் ஓட்டிய சகாவும் ஜீப்பை ஒப்படைக்கப் போனோம். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இரண்டு மூட்டை இலை கொட்டிக் கிடந்தது. அதற்குள் கறுத்துவிட்டிருந்தது. முதல் நடையில் கொண்டு போனதை எடுத்துக்கொண்டார்களாம். இரண்டாம் நடை போய்ச் சேரும்போது கேட் மூடியிருந்தது. இதை அப்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிறகு மளிகைக் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

மைத்துனன் சாவியை வாங்கிக்கொண்டு, "ஏரி நல்லாருந்துச்சுங்களா மாமா?" என்றான்.

என் சகா அவனை உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கயோ பாத்தாப்ல இருக்கே. நேத்து ரோட்டுல…"

"பஸ்ஸுல பாத்திருப்பீங்க. நான் அடிக்கடி வெலிங்டன் வருவனுங்க" என்றான் மைத்துனன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கவலை அந்தச் சிரிப்பில் தெரிந்தது. அவன் மனைவி கதவருகே நின்றிருந்தாள். டீ குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் அவள் அப்படி நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் மனைவி அன்று மாலை, தம்பி இலையை எப்படிக் கொண்டு போனான், வழியில் பார்த்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். இதை அவள் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்வாள்.

பதினைந்து நாள் கழித்து, அவனுடைய அடுத்த முறையன்று, முதல் பஸ்ஸில் பிக்கட்டி போனேன். மூட்டை ஏற்றக் கூடமாட நிற்பது, ஃபேக்டரி வரைக்கும் போவது, வழியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் மனதுக்குள் நாலைந்து முறை திருத்தி வைத்தேன். போய்ப் பார்த்தால் ஜீப் வாசலிலேயே நின்றிருந்தது. இலை பறித்த அடையாளமே இல்லை. போன முறை முழு இலையும் கொண்டு வராதவன் என்று அவன் பெயரைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்களாம். அடுத்தது எப்போது என்று தெரியாது. அவன் செடிகளைக் கவ்வாத்து அடித்துக்கொண்டிருந்தான். வெட்டின கிளைகளில் முற்றின இலை அப்படியே இருந்தது.

என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக மேலே ஏறி வந்தான். நான் சொல்ல வந்ததைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவனே கேட்டான்.

"ஜீப் வேணுங்களா மாமா?"

இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.