கறுப்பு நாயும் காய்ந்த கையும்

உள்ளங்கையை ஏப்ரனில் இரண்டு முறை அழுத்தித் துடைக்கிறார். நாயின் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறார். கேமராவைக் கையருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். நாயோ முன்னங்காலைத் தூக்கி அந்தக் கையில் வைக்கிறது. "கை குலுக்க வரலடா. வெளிச்சம் பாக்க வந்தேன், தள்ளு."

கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்தில் இவருக்குக் குளிப்பாட்டும் வேலை. எல்லோருக்கும் 'ஷாம்பு அக்கா'. நாளைக்குப் பதினைந்து நாய்கள். விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியே இருக்கும். நாய்களை யாராவது வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டுமே என்று, அலமாரியில் சும்மா கிடந்த கேமராவை எடுத்து இணையப் பக்கத்துக்குப் படம் பிடிக்கத் தொடங்கினார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கேமராவே வெளிச்சத்தை முடிவு செய்யும் 'ஆட்டோ' முறையில் எடுத்த படங்களைப் பார்த்தே பழுப்பு நாய்களெல்லாம் வீடு போய்ச் சேர்ந்தன. தார் என்ற நாய் மட்டும் பதினோரு மாதமாக அங்கேயே. முழுக் கறுப்பு. வெள்ளை டைல்ஸ் சுவர் முன்னால் நிறுத்தினால் படத்தில் வெறும் மூட்டை. கண் எது, காது எது என்று தெரியாது.

"சனிக்கிழமைக்குள்ள யாரும் கேக்கலன்னா ஊருக்கு வெளிய இருக்கிற பட்டிக்கு அனுப்பிடுவேன்க்கா. இங்க இடமில்ல," என்றார் மேலாளர். அந்தப் பட்டிக்கு நாய் தேடி யாரும் போவதில்லை.

"ஆட்டோ செவுத்தத்தான் பாக்குது, எம்புள்ளயப் பாக்கல," என்று கேமராவை மேனுவலுக்குத் திருப்பினார் அக்கா. காப்பகத்துக்குப் போயிருந்த நான் அப்படியென்றால் என்ன என்று கேட்டபோது ஒரே மூச்சில் பாடம் நடத்திவிட்டார்: "லென்ஸ் ஓட்டை எவ்ளோ பெருசுன்னு ஒண்ணு, எவ்ளோ நேரம் தெறந்திருக்குன்னு ஒண்ணு. ரெண்டும் பத்தலன்னா ஐஎஸ்ஓ, அதான் கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு, அத ஏத்தணும். அத ரொம்ப ஏத்தினீங்க, படத்துல மணல் கொட்டின மாதிரி ஆயிடும்."

நாய் தலையாட்டினாலும் கலங்காதபடி வேகம் ஒரு நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. கேமராவுக்கு உள்ளங்கையைக் காட்டி, அதிலுள்ள வெளிச்ச அளவுமானியின் முள்ளை நடுவில் நிறுத்துவார். உள்ளங்கை வெளுப்பு, கேமரா அதை மங்கலாக்கப் பார்க்கும். அதனால் திருகை மூன்று கிளிக் திருப்பி வெளிச்சம் கூட்டுவார். தாருக்கு மட்டும் இன்னும் இரண்டு.

கணக்கெல்லாம் சரி. படம் மட்டும் இருட்டு. "இது தாரா, இல்ல கரண்ட் போயிடுச்சா?" என்றார் காவலாளி. இரண்டு நாள் கேமராவைத் திட்டித் தீர்த்தார் அக்கா. வியாழக்கிழமை, குளியலறையிலிருந்து அப்படியே ஓடிவந்து கையை நீட்டியபோதுதான் கவனித்தார்: ஈரக் கை வெயிலில் பளபளத்தது; அந்தப் பளபளப்பை நம்பித்தான் முள் வெளிச்சம் அதிகம் என்று காட்டியிருக்கிறது. "அடப்பாவி! பொய் சொன்னது என் கைதான்!"

துடைத்துவிட்டு எடுத்தார். முடி முடியாகத் தார் தெரிந்தது. தேன் நிறக் கண்கள், தாடையில் ஒற்றை நரை. வெள்ளி மதியம் தாரைக் கேட்டுத் தொலைபேசி வந்தது.

சனிக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். வாசலில் தாரோடு மனைவி நிற்க, பின்னால் வெயில் கொளுத்த, கணவர் செல்போனைத் தூக்கினார். உள்ளேயிருந்து நுரையோடு ஓடிவந்தார் அக்கா.

"சார், சார்! மூட்டையாத்தான் விழும். இப்படித் திரும்புங்க!"

மனைவியையும் தாரையும் வெயிலைப் பார்க்கத் திருப்பினார். அக்காவிடம் கேமரா இல்லை. ஆனாலும் தாரின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டினார், நுரையைப் பார்த்தார், இழுத்துக்கொண்டார். ஏப்ரனில் இரண்டு முறை அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடி நீட்டினார்.