வீட்டுக்காரர் வேஷம்

மாலை நாலு மணிக்கு அவர் வீட்டுக்காரர் ஆவார். ஆறு மணிக்கு மறுபடி மீட்டர்காரர் ஆகிவிடுவார். இடையில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்காக ஹோட்டல் அவருக்கு வெள்ளைச் சட்டை, கையில்லாத கறுப்புக் கோட்டு, கைப்பிடியில் சிங்க முகம் செதுக்கிய நாற்காலி, ஒரு பல்செட்டு எல்லாம் கொடுத்திருந்தது. சட்டையையும் கோட்டையும் அங்கேயே மாட்டிவிட்டுப் போக வேண்டும். பல்செட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

ஒட்டி நின்ற மூன்று பழைய வீடுகளை வாங்கி, நடுச்சுவர்களை உடைத்து, ஒன்றாக்கிக் கட்டிய ஹோட்டல் அது. மொத்தம் பன்னிரண்டு அறை. ஒவ்வொன்றிலும் நாலு தூண் வைத்த கட்டில், ரசம் போன கண்ணாடி, பளிங்குப் பலகை போட்ட மேசை, சத்தம் தொந்தரவு என்று சாவி கொடுக்காமல் நிறுத்தி வைத்த சுவர்க் கடிகாரம். தையல் மெஷினின் இரும்புக் காலை எடுத்து, அதன்மேல் வாஷ்பேசினை உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் அதையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். நடுவீட்டின் பின்கட்டில் இருபத்தேழு வருஷம் குடியிருந்தவர் நம் மீட்டர்காரர். அந்த வீட்டில் சிங்கமும் கிடையாது, பளிங்கும் கிடையாது. நிஜ வீட்டுக்காரர் உட்கார்ந்தது பிரம்பு அறுந்த ஒரு சாய்வு நாற்காலியில்; அறுந்த இடத்தில் செய்தித்தாளை மடித்துப் போட்டிருப்பார். அதை வாங்கி வந்து வைக்க எந்த ஹோட்டலுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவருடைய வேலையாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் காக்கிச் சட்டையும் வாயை மறைக்கும் மீசையுமாகச் சைக்கிளில் போய், குனிந்து, தூசியைத் துடைத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார். அந்த வேலையில் யாரும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். "நாயைக் கட்டியிருக்கு, போ" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். "போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போ" என்று இன்னொரு குரல் வரும். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வீட்டில்கூட அவரை உட்காரச் சொன்னதில்லை. இதைச் சொல்லாவிட்டால் அந்தச் சிங்க நாற்காலி அவரை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குப் புரியாது.

அவர் மனைவி அப்படியில்லை. தெருவே அவளிடம் நின்று பேசும். வீட்டுக்காரரின் மனைவி படுத்த படுக்கையாகிவிட்ட பிறகு, அவர்கள் மகளை வளர்த்தது இவள்தான். ஆறு வயசுக் குழந்தை, பள்ளிக்கூடம் விட்டதும் தன் வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு "அக்கா" என்று கத்தியபடி பின்கட்டுக்கு ஓடிவரும். அந்தக் கிண்ணத்தில் போட்டு இவள் ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும். அந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, வெளிநாடு போய்விட்டது. அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் ஹோட்டல்காரர்கள் வீட்டை விலை பேச வந்தார்கள். குடித்தனக்காரர்கள் காலி செய்தால்தான் வாங்குவோம் என்றார்கள்.

வீட்டுக்காரர் முதலில் தன்மையாகக் கேட்டார். அப்புறம் முறைத்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரே வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தெருவில் இறங்கி நின்று சத்தம் போட்டார். "என் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தைக் காணோம். பின்கட்டுக்காரிக்குக் கை சுத்தம் கிடையாது."

இரண்டே நாளில் காலி செய்துவிட்டார்கள். வேறு எங்கே போய் நியாயம் கேட்பது? மூன்றாவது மாடியில் கிடைத்த இரண்டு அறை வீட்டுக்குப் போன பிறகு அவள் படியிறங்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஏதாவது கொண்டுவந்து கொடுத்தால், அந்தப் பெண் திரும்புவதற்குள் வேறு பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு, கழுவி, அவள் பாத்திரத்தைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். "இருக்கட்டுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்" என்றால் பதறிப்போவாள். ஐந்தாவது மாதம் இறந்துபோனாள். டாக்டர் ஏதோ ஒரு வியாதியின் பெயரை எழுதிக் கொடுத்தார். மீட்டர்காரரும் அவர் மகளும் அந்தக் காகிதத்தை மடித்து வைத்தார்கள், நம்பவில்லை.

வீட்டுக்காரரும் அதிக நாள் இருந்து அனுபவிக்கவில்லை, போய்ச் சேர்ந்தார். கட்டட வேலை முடியும் சமயத்தில், பழைய வீட்டின் விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு ஹோட்டல்காரர்கள் மீட்டர்காரரிடம் வந்தார்கள். எந்தச் சுவர் என்ன நிறம், எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் எல்லாவற்றையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். தாடி வைத்த இளைஞர் ஒருவர்தான் மேனேஜர். அவர் விவரத்தைக் கேட்டதைவிட, இவருடைய உயரத்தையும் பஞ்சு போல நரைத்த தலையையும் பார்த்ததுதான் அதிகம்.

"சாயங்காலம் டீ நேரத்துல கெஸ்ட்டுங்களோட உக்காந்து இந்த வீட்டுக் கதையைச் சொல்லுங்க சார். அது போதும்," என்றார் மேனேஜர்.

முதல் வாரம் உள்ளதைச் சொன்னார். குடியிருந்தது, மழைக்கு ஒழுகியது, பின்கட்டில் நாலு பேர் படுத்தால் ஐந்தாவது ஆள் உட்கார்ந்துதான் தூங்க வேண்டும் என்பது. கேட்டவர்கள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார்கள்.

"வாடகைக்கு இருந்தவங்க கதை யாருக்கு சார் வேணும்?" என்றார் மேனேஜர். "வீட்டுக்காரருக்குத் தம்பி முறைன்னு சொல்லிக்கங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

மீசை போயிற்று. பல்செட்டு வந்தது. அதோடு குரலும் கொஞ்சம் மாறியது, கெட்டித்தது. யாரைப் பார்த்துப் பணக்காரனாக இருக்கக் கற்றுக்கொள்வது? அவர் நெருங்கிப் பார்த்த ஒரே பணக்காரன் அந்த வீட்டுக்காரர்தான். அவரைப் போலவே நாற்காலிக் கைப்பிடியை விரலால் தட்டினார். அவரைப் போலவே பாதிப் பேச்சில் நிறுத்தி, எதிரில் இருப்பவரைக் காக்க வைத்தார். வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். சிலர் எழுந்து நின்று கைகொடுத்தார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளுக்கு விஷயம் தெரிந்தபோது வீடே ரெண்டுபட்டது.

"அம்மாவைத் திருடின்னு சொன்ன ஆளோட வேஷத்தையா போடறீங்க? அதுக்குப் பல்லு வேற கட்டிக்கிட்டு?"

"நான் ஒண்ணும் சும்மா போகலைம்மா. காரணமாத்தான் போறேன்," என்றார்.

காரணம் இருக்கத்தான் செய்தது. ஹோட்டலில் ஒவ்வொரு அறை வாசலிலும், அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று சொல்லும் அட்டை ஒன்று மாட்டியிருந்தார்கள். ஏழாம் நம்பர் அறை இவர்களுடைய பின்கட்டு. அதன் அட்டையில் 'குடும்பத்துப் பெரியவர் மாலையில் இசை கேட்டு இளைப்பாறிய அறை' என்று போட்டிருந்தது. இசையாம்! அவர் மனைவி புகையில் இருமிக்கொண்டே சமைத்த இடம் அது. அந்த அட்டையில் அவள் பெயர் வர வேண்டும். அதற்காக இரண்டு வரி எழுதி மேனேஜரிடம் கொடுத்திருந்தார். இன்ன பெயருள்ள பெண் இங்கே இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தினாள். அடுத்தவர் பொருள் எதையும் அவள் தொட்டதில்லை.

மேனேஜர் சிரித்துவிட்டார். "ரெண்டாவது வரியை ஹோட்டல் ரூம்ல மாட்டினா கெஸ்ட் என்ன சார் நினைப்பாங்க?" சிரிப்பு அடங்கியதும், "விக்கிறப்பவே பேசியிருக்கோம். வீட்டுக்காரர் குடும்பத்துல ஒருத்தராவது சரின்னு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா மாட்டிடலாம்," என்றார்.

மகளிடம் இதைச் சொன்னார். "அம்மா பேர் வரட்டும். அன்னிக்கு நான் வந்து பார்க்கறேன்," என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. முதலில் மாதம் ஒருமுறை மேனேஜரிடம் அட்டையைப் பற்றி நினைவுபடுத்தினார், அப்புறம் எப்போதாவது கேட்டார். அவரைக் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நாற்காலி அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றைக்குக் கூடத்தில் எட்டுப் பேர். டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டன. பின்பக்க அறைகளிலிருந்து வரும் வழியில் தலைமுடியைக் கட்டையாக வெட்டிய, நல்ல உயரமான ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். வாசல் நிலைக்கு அருகில் வந்ததும் சட்டென்று தலையைக் குனிந்து நுழைந்தார். அங்கே முன்பு ஒரு தாழ்ந்த உத்தரம் இருந்தது. நெற்றியில் இடிக்காதவர்கள் கிடையாது. ஹோட்டல்காரர்கள் அதை எடுத்துவிட்டு நிலையை உயர்த்தி ஐந்து வருஷமாகிறது. இப்போதும் அங்கே குனிகிறவர் மீட்டர்காரர் ஒருவர்தான்.

மீட்டர்காரர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். அந்த அம்மாவின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தார். அந்தக் குழந்தைதான். இருபது வருஷம் முகத்தைத் தடிக்க வைத்திருந்தது, அவ்வளவுதான். பயந்தார். பயம் தீருவதற்குள் சந்தோஷமும் வந்தது. கையெழுத்துப் போட வேண்டியவள் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்! பேச்சு முடிந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு, தனியாகப் போய், 'உன் அக்காவுக்காக ஒரு வரி எழுதிக் கொடு பாப்பா' என்று கேட்டால் மாட்டேன் என்பாளா? மாலை முடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தார்.

அவள் விடவில்லை. பாதியிலேயே கேட்டாள்.

"வீட்டுக்காரருக்குத் தம்பி முறைன்னு சொன்னீங்களே, எந்த வழியில?"

"ஏம்மா கேக்கறீங்க?"

"நான் அவர் பொண்ணு. உங்களை நான் பார்த்ததே இல்லையே?"

எட்டுப் பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். தூணுக்கருகில் நின்ற மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த இடத்தில் மீட்டர்காரர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். நாற்காலியை விட்டு எழுந்து, 'நான் மீட்டர் மாமா, பாப்பா' என்று சொல்லியிருக்க வேண்டும். குழந்தையில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் எழுந்தால், அந்த எட்டுப் பேர் முன்னால், இரண்டு வருஷப் பொய்யோடு எழ வேண்டும். அவருக்கு இடுப்பு எழவில்லை.

"ஒண்ணு விட்ட தம்பிம்மா. உனக்கு ஞாபகம் இருக்காது," என்றார்.

"இங்க வந்து போனவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்." அவள் குரலில் சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது. "சரி, பின்கட்டுல ஒரு அக்கா குடியிருந்தாங்களே. அவங்களையாவது உங்களுக்குத் தெரியுமா?"

குடும்பத்து ஆள் என்று நிரூபித்தாக வேண்டும். குடும்பத்துக்குள் இருப்பவனுக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும். தேடிப் பார்க்கக்கூட அவருக்கு அவகாசமில்லை. விரல் கைப்பிடியைத் தட்டியது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தெரியாம என்ன? அண்ணனோட வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போனாளே, அவதானே? அவளுக்குக் கை சுத்தம் கிடையாது."

அச்சு அசல் வீட்டுக்காரரின் குரல். யாரோ "அடடா" என்றார்கள். மேனேஜருக்கு மூச்சு வந்தது.

அவள் டீக்கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிண்ணம் என்கிட்ட இருக்கு," என்றாள். "கல்யாணமாகிப் போறப்ப நானே கேட்டு எடுத்துட்டுப் போனது. அப்பாதான் துணியில சுத்திப் பெட்டியில வெச்சுக் கொடுத்தார். வீடு விக்கிற சமயத்துல விஷயம் என் காதுக்கு வந்துது. போன் பண்ணிக் கேட்டேன். வாயை மூடிக்கிட்டு இருன்னார். நானும் மூடிக்கிட்டு இருந்துட்டேன், ஏழு வருஷம். அவங்களைத் தேடிப் பிடிச்சு, நாங்கதான் பொய் சொன்னோம்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தா, நீங்க இன்னும் அதையே சொல்லிட்டு உக்காந்திருக்கீங்க. உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா?"

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. மீட்டர்காரரின் மனைவி உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டிய வார்த்தைகள் அவை. அந்த வார்த்தைகள் ஒருவழியாக வந்தபோது, அவளைத் திருடி என்று சொல்லி முடித்திருந்தவர் அவர்தான். தெருவில் நின்று கத்தியவனாவது அந்நியன்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க? அதையாவது சொல்லுங்க."

"இறந்துட்டாங்க," என்றார். இப்போது மரியாதை வந்துவிட்டது.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சினாள்.

"மாமா இருந்தாரே, தண்ணி மீட்டர் பார்ப்பாரே. அவர் எங்க இருக்கார்? அவரையாவது பார்த்து மன்னிப்பு கேக்கணும். நாங்க சொன்னது பொய்னு அவர் எழுதிக் கேட்டாலும் எழுதிக் கொடுக்கறேன்."

மேனேஜர் தரையைப் பார்த்தார். மீட்டர்காரர் அவள் முகத்தையே பார்த்தார். நான்தான் அவன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவருக்குத் தெரியும். அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க என்று அவள் கேட்பாள். இன்றைக்கு இவள் கேட்பாள், நாளைக்கு மகள் கேட்பாள்.

"அவரும் போயிட்டார்மா," என்றார். "அவங்க போன அதே வருஷம்."