உள்ளிருந்து ஒட்டிய கூரை

அன்று பின்னேரம் மகளை மெத்தையிலிருந்து ஏன் தூக்கினேன்? அவள் அழவில்லை, பசி நேரமும் இல்லை. இன்றுவரை எனக்கு விடை தெரியாது. தூக்கி இடுப்பில் வைத்து, கதவடியில் நின்று வாவியில் விழும் மழையைக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது.

பழைய பஸ் ஒன்றுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, சுற்றுலா வருபவர்கள் தங்கிப் போகும் வண்டியாக என் கணவர் மாற்றியிருந்தார். எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது தாய்வீட்டாரின் கடமை. எனக்கான வீடு சுவர் மட்டத்தில் நின்றதால், அந்த மாரியில் பனிச்சங்கேணித் தோட்டத்தில் அந்த பஸ்ஸை நிறுத்தி நாங்களே குடியிருந்தோம். கூரை ஒழுகியது. அம்மா தன் தம்பியை அழைத்தார்.

மாமா வாவித் தோணிகளுக்கு ஃபைபர் ஒட்டுபவர். தோணியில் தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கேதான் ஓட்டை. உலகத்தில் உள்ள ஓட்டைகள் எல்லாம் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். கூரையில் ஏறவே இல்லை. முக்காலியில் நின்று, உட்பக்கப் பலகையில், மகளின் மெத்தைக்கு மேலே சொட்டிய இடத்தைச் சுற்றிக் கரியால் வட்டம் போட்டார்.

"மாமா, மேல ஏறி ஒருக்காப் பாப்பமா?" என்றார் என் கணவர்.

"நீ ட்றைவர், றோட்டப் பாரு. வாவித் தண்ணியையே உள்ளுக்கு விடாத கை இது. வானத்துத் தண்ணி என்னத்தச் செய்யும்?"

நான் வாய் திறந்தேன். "நீ படிச்ச புள்ள, புத்தகத்தப் பாருகா" என்றார். வட்டத்தின் மேல் ஃபைபரை ஒட்டினார். பசை நாற்றத்தில் மகள் இருமினாள். முதல் மழையில் சொட்டவில்லை. அதற்காகவே வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிளேன்டீ குடித்து, "பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே தேங்கிய தண்ணீர் அடுத்த பெருமழையில் பலகையோடு இறங்கியது. அன்று எனக்குப் பின்னால் கேட்ட சத்தம் அதுதான். மாமா வந்து குனிந்து பார்த்தார். "பலகை பழசு. என்ட ஒட்டு விடல்ல, பாரு." உண்மைதான். ஒட்டு பலகையில் அப்படியே இருந்தது. பலகைதான் என் பிள்ளையின் தலையணையில் கிடந்தது. பிள்ளை எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மழை விட்டதும் கணவர் ஏறினார். ஓட்டை அந்த இடத்தில் இல்லவே இல்லை. முன்பக்கம், பழைய சாமான் தாங்கியைக் கழற்றிய ஆணித் துளைகளில் இருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் கூரைச் சட்டத்தின் வழியே பின்னால் ஓடி வந்திருக்கிறது. துருவைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, மேலிருந்து சிலிக்கன் வைத்து அடைத்தார். பிறகு ஒழுகவில்லை. "நான் உள்ளுக்க போட்ட ஒட்டுத்தான் தாங்குது" என்று மாமா ஊரெல்லாம் சொல்கிறார். அந்த ஒட்டு பலகையோடு அடுப்பில் எரிந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு மனிதரை இவ்வளவு இளக்காரமாக நினைப்பது சரியா என்று சில நாள் யோசிக்கிறேன். பிறகு மகளின் தலையைத் தடவிப் பார்க்கிறேன்; யோசனை நின்றுவிடுகிறது.

இப்போது என் வீட்டுக்குத் தகரம் போட்டாயிற்று. வருகிற மாரிக்கு முன் இணைப்புகளை எல்லாம் தானே ஒட்டித் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். மகளின் அறையிலிருந்து தொடங்குவாராம், உள்ளிருந்து. "தாய்மாமன்கா, மனச நோகடிக்காத" என்கிறார் அம்மா. குடிபுகும் நாளில் மாமாதான் முன்னால் நிற்க வேண்டியவர்.

தாய்மாமனுக்கு மரியாதை குறையாமல் "வேண்டாம்" சொன்னவர்கள் உங்களில் இருந்தால், என்ன சொல்லித் தடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மரியாதையாகச் சொல்ல வழியே இல்லையென்றால், அதையும் எழுதுங்கள். மரியாதை இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.