காதுக்குச் சொன்ன காமாலை

இருபத்தெட்டு வயதில், மீசையும் பெண்டாட்டியும் உள்ள ஒருவன் காதை அறுவை செய்து ஒட்டவைத்துக்கொண்டான் என்று எங்கள் கபடிக் குழுவில் தெரிந்தால் மானம் கப்பல் ஏறிவிடும். அதனால் மஞ்சள் காமாலை என்று சொன்னேன்.

என் காதுகள் முறம்போல வெளியே நிற்கும். பள்ளிக்கூடத்தில் வைத்த பேர் முறக்காதன். அதே பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வருஷம் ஒரு கோப்பை ஜெயித்தபோது உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்களுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஆளுக்கொரு வட்டம். வட்டத்துக்குள் தலையை அடக்குவதற்காக ஃப்ளெக்ஸ் அடித்தவன் என் இரண்டு காதையும் வெட்டியிருந்தான். வெட்டிய பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் முடிவு செய்தேன்.

மதுரையில் ஒரு மருத்துவர் செய்தார். ஒரு வாரம் தலையைச் சுற்றிக் கட்டு, அதற்குப் பிறகு ஆறு வாரம் தூங்கும்போது காதை அழுத்தி ஒரு பட்டை. ஒரு மாதம் கழித்து ஓடலாம், தண்டால் எடுக்கலாம். கபடி மட்டும் மூன்று மாதத்துக்குக் கூடாது. உள்ளே தையல் பிய்ந்தால் காது பழையபடி விரியும், அடிபட்டு ரத்தம் கட்டினால் உருவமே கெட்டுவிடும் என்றார். நான் எந்த இடத்தில் விளையாடுவேன் என்றும் கேட்டார். வலது மூலை என்றேன். கபடி கபடி என்று பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்க வேண்டியவன் நான். குனிந்து பிடிக்கும்போது என் தலையின் பக்கவாட்டு அவன் தொடையோடு போய் அப்பும். அதைக் கேட்டுவிட்டு, மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைந்தாலும் தான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

கட்டுப் பிரிக்கும்வரை மதுரையில் அக்கா வீட்டில் இருந்தேன். ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில் குழுவின் கேப்டன் வாசலில் நின்றார். மினி லாரி ஓட்டுகிறவர். எழுமலைப் பக்கம் ஒருவரிடம் கீழாநெல்லி வாங்கி, அரைத்து, மோரில் கலக்கிக் கொண்டுவந்திருந்தார். குடித்து முடிக்கும்வரை போகவில்லை. அப்புறம் தினமும் வந்தார். உப்பில்லை, எண்ணெய் இல்லை, கறி இல்லை என்று என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவளுக்கு விஷயம் தெரியும். சொல்லித் தொலைத்துவிடுங்கள் என்று என்னிடம் பலமுறை சொன்னாள். ஒரு பொய் சொன்னவன் உப்பில்லாத சோறு தின்றுதான் ஆகவேண்டும் என்று தின்றேன்.

காது ஒட்டியிருப்பது தெரியாமலிருக்க முடியை வளர்த்திருந்தேன். அப்படியும் ஒரு நாள் அவர் உற்றுப் பார்த்துவிட்டார். அவர் ரொம்ப வருத்தத்தோடு, காமாலை ஆளை எப்படி உருக்கிவிட்டது, காது முதற்கொண்டு வற்றிப்போயிற்று என்றார். ஆமாம் என்றேன்.

அங்கேதான் கணக்குப் பிசகியது. காமாலைக்கு எங்கள் பக்கத்தில் நாற்பது நாள். காதுக்குத் தொண்ணூறு. நாற்பதாவது நாள் குழுவே வந்து என் இமையைப் பிதுக்கி, கண் வெளுத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வாரம் கொட்டாம்பட்டிப் பக்கம் போட்டி. வலது மூலைக்கு வேறு ஆள் கிடையாது. முடியாது என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை.

இறங்கினேன். கையை மட்டும் பிடிப்பது, குனிவதே இல்லை என்ற முடிவோடு இறங்கினேன். அரையிறுதி வரை அப்படியே ஓட்டிவிட்டேன். அரையிறுதியில் புள்ளி சமம், கடைசிப் பாட்டு அவர்களுடையது. பாடி வந்தவன் நேராக என் மூலைக்கு வந்து ஒரு காலை நீட்டினான். எனக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கணுக்கால். கண்ணை மூடிக்கொண்டுகூடப் பிடிப்பேன். கை போனது, தலை போகவில்லை. அவன் என் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிக் கோட்டைத் தாண்டினான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நோயிலிருந்து எழுந்து வந்தவனை இறக்கியது தன் தப்பு என்று கேப்டன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் மினி லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேலூர் தாண்டியதும் சொன்னேன். காமாலை இல்லை, காது என்றேன். முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினேன்.

வண்டியை ஓரம் கட்டினார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"காமாலைன்னு நம்பித்தான்டா எறக்குனேன். காதுன்னு சொல்லியிருந்தா கிண்டல் பண்ணியிருப்பேன், ஒரு மாசம் பூரா பண்ணியிருப்பேன். எறக்கியிருக்க மாட்டேன்டா."

வெட்கமாக இருந்தது, காதுக்காக அல்ல.

மூன்று மாதம் முடிந்தது. மருத்துவர் காதின் பின்பக்கத்தைத் தடவி, மடித்து, விட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். மல்யுத்தக்காரர்கள் போடுகிற மாதிரி மெத்தென்ற காதுக் கவசம், முதல் இரண்டு வாரம் பயிற்சி மட்டும், அடிபட்டு வீங்கினால் அன்றைக்கே வந்து காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய் என் மூலையில் நின்றேன்.

அதற்குள் காது விஷயம் கேப்டன் மூலம் குழு முழுக்கத் தெரிந்திருந்தது. ஒருத்தனும் என் பக்கம் வரவில்லை. பாடி வந்தவர்கள் எல்லாம் இடது பக்கமே சுற்றினார்கள். தவறி இந்தப் பக்கம் வந்தவனும் தூரத்திலேயே காலை இழுத்துக்கொண்டான். தப்பித்தவறி நான் பிடித்தால், பிடித்தவுடனே செத்த மாதிரி உட்கார்ந்தான். மூன்று நாள் பொறுத்தேன். நான்காவது நாள் கேப்டனிடம் போய், "அண்ணே, நான் விளையாட வந்தேனா, கண்காட்சிக்கு வந்தேனா?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போனது.

அவர் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு டவுசரோடு தானே பாட வந்தார். வந்து என் மூலையில் இடது காலை வைத்தார். ஒரு கணம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. குனிந்தேன். கணுக்கால் இரண்டு கைக்குள்ளும் வந்தது, கவசம் அவர் தொடையில் போய் அழுந்தியது. வலிக்கவில்லை. ஆள் குப்புற விழுந்தார். கோடு அவர் கைக்கு ஒரு முழத் தூரம். தாவியிருக்கலாம். தாவாமல், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி என் காதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"காது கெடக்கட்டும்ணே. கோட்டுக்குப் போங்க."

போனார். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, முட்டியை ஊன்றி, மூச்சை விடாமல் போனார். என் பலம் அத்தனையும் போட்டுப் பின்னால் இழுத்தேன். கோட்டைத் தொட்டுவிட்டார். புள்ளி அவருக்கு. வாயெல்லாம் புழுதியோடு கிடந்த எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.