ஐந்துக்கும் டிக் போட்டேன்

சென்ற ஆண்டு ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். போடிநாயக்கனூரில் ஒரு கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று 'ஆஃப்' சேர்ந்து வரும் வினைச்சொற்கள். செட் ஆஃப் என்றால் கிளம்புவது, ஸ்விட்ச் ஆஃப் அணைப்பது, ஃபால் ஆஃப் விழுவது, கெட் ஆஃப் இறங்குவது. மனப்பாடம் வேண்டாம், உங்கள் அன்றாடத்தை வைத்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள் என்றேன்.

தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் மலையேறும் ஒரு பெண் முதலில் நோட்டை நீட்டினாள். ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் கடையில் வேலை தேடுவதற்காக வகுப்பில் சேர்ந்தவள். பத்திரிகையில் பிழை திருத்திய பழக்கத்தில் வேகமாகக் கண்ணை ஓட்டினேன். ஓரிடத்தில் 'தி' விடுபட்டிருந்தது, சேர்த்தேன். ஐந்துக்கும் டிக் போட்டேன். மற்றவர்களுக்கு உதாரணமாக இருக்கட்டும் என்று உரக்க வாசித்தேன்.

அவள் எழுதியிருந்தது இதுதான்: காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். தோட்டத்து வாசலில் இறங்குகிறோம். திரும்பும்போது போடிமெட்டு இறக்கத்தில் டிரைவர் என்ஜினை அணைத்துவிடுகிறார். போன வாரம் வளைவில் என் அக்கா வெளியே விழுந்துவிட்டாள். அடுத்த வளைவில்தான் எங்களால் இறங்க முடிந்தது.

நான்காவது வாக்கியத்தில் வாசிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தேன்.

"நெசமாம்மா?"

"நெசந்தான் சார். டீசல் மிச்சம்னு அமத்திருவாரு. பிரேக்கு சரியாப் பிடிக்கல. அக்கா கை ஒடிஞ்சு கெடக்கா."

பின் பெஞ்சில் ஒருவர் சிரித்தார். "பாதி ஜீப்பு அப்படித்தான் இறங்குது. சார் எந்த ஊருலே இருக்காரு?"

"நாளைக்கும் அதே ஜீப்பா?" என்று அவளைக் கேட்டேன்.

"வேற ஏது சார்? சோலிக்குப் போகணும்ல."

மறுநாள் மாலை மலைமேல் இருக்கும் போடிமெட்டு செக்போஸ்ட்டில் காத்திருந்து அதே ஜீப்பில், டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பின்னால் பதினாறு பெண்கள். முதல் வளைவு தாண்டியதும் டிரைவரின் கை சாவிக்குப் போனது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணே, அமத்தாதீக. அமத்துனா எல்லாரும் எறங்கி நடந்துருவோம்."

"நடங்க ஆத்தா, விடியிறதுக்குள்ள போயிரலாம்" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஜீப்பின் தகரத்தைத் தட்டத் தொடங்கினார்கள். அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். அடிவாரம் வரை என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஓர் உயிருக்கு இருந்த ஆபத்து கிட்டத்தட்டப் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது என்பதாலேயே என் கண்ணில் படாமல் போகப் பார்த்தது.