பிளாசி ஆட்டத்தின் நேர்முக வர்ணனை

டுடோரியலில் எனக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இடம். பத்தாவதில் வரலாற்றில் ஃபெயிலானவர்கள்தான் என் மாணவர்கள். பாதிப் பேர் காலையில் எங்காவது வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். கர்நாடகப் போர்களை ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் வகுப்பே பெஞ்சில் சாய்ந்துவிடும்.

ஒருநாள் வெறுத்துப்போய் வந்தவாசிப் போரை கிரிக்கெட் மேட்ச் மாதிரிச் சொன்னேன். ஒரு பக்கம் இங்கிலீஷ்கார டீம், இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்கார டீம், மைதானம் மட்டும் நம்முடையது. டாஸ் போடும்போது நம்மை யாரும் கூப்பிடவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி நடு ஆட்டத்தில் வெடித்ததும், அவர்களுடைய முக்கியமான பவுலர் காயம் காரணமாக வெளியேறுகிறார் என்றேன். சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அடுத்த வாரம் ஆற்காடு முற்றுகை. கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட கடைசி ஜோடி கட்டை போட்டுக் கட்டை போட்டே மேட்சைக் காப்பாற்றிய கதை. பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவுட் ஆனவங்க எல்லாம் செத்தவங்களா சார் என்று முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். சிரிப்பு நின்று, கூரையில் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகும் நான் மேட்ச் சொல்வதை நிறுத்தவில்லை. வரலாற்றில் தேறுகிறவர்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நானும் மனைவியும் ஊரப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய வெட்டவெளி. பழைய ஊர்க்காரக் குடும்பம் ஒன்றின் நிலம், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. பயிர் வைப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஓரத்தில் சில மாமரங்கள், நடுவில் பையன்கள் தேய்த்து வைத்த பிட்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். மைக் செட் வாடகைக்கு விடுகிற என் நண்பன்தான் ஒலிபெருக்கி கட்டுவான். நான் போர்களைச் சொல்கிற விதம் மாணவர்கள் மூலம் அவன் காதுக்குப் போயிருந்தது. இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவில் பத்து நிமிஷம் சும்மா போகிறது, அதில் ஒரு போர் சொல் என்று மைக்கைக் கையில் கொடுத்தான். பொள்ளிலூரில் மைசூர் டீம் ராக்கெட் பவுலிங் போட்டதைச் சொன்ன அன்றைக்கு, ஐஸ் வண்டிக்காரர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு நின்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அரையிறுதி. கூட்டம் அதிகம். மேற்கே மேகம் திரண்டு வெளிச்சம் மஞ்சளாக மாறியிருந்தது. மழையைப் பார்த்ததும் பிளாசி நினைவுக்கு வந்தது. நவாப் டீம் பெரிய டீம் என்று ஆரம்பித்தேன். மாந்தோப்பு ஓரமாக மைதானம். மழை வந்ததும் கம்பெனி டீம் தார்ப்பாய் போட்டு வெடிமருந்தை மூடிவிட்டது, நவாப் டீம் நனையவிட்டது என்றேன். சிரித்தார்கள். நவாப் டீமில் முக்கால்வாசிப் பேர் ஒரு தளபதியின் பின்னால் ஓரமாக நிற்கிறார்கள், கேப்டன் கூப்பிடக் கூப்பிட அந்தத் தளபதி மட்டும் இறங்கவே மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டு, வர்ணனைக் குரலில் முடித்தேன்.

"ஏன் இறங்கல? ஏன்னா மேட்சுக்கு முன்னாடியே எதிர் டீமோட கையெழுத்துப் போட்டாச்சு. கூட இருந்தவங்களுக்குத் தெரியாம கிரவுண்டையே எழுதிக் குடுத்துட்டாரு, மக்களே."

சிரிப்பு வந்தது. ஆனால் அது நான் எதிர்பார்த்த சிரிப்பில்லை. ஒரு மூலையிலிருந்து விசில் கிளம்பியது. கூட்டத்தில் பலர் என்னைப் பார்க்கவில்லை, மாமரத்துப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் நிலத்துக்காரர்களில் மூத்தவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு டவல். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் முகத்தை மனப்பாடம் செய்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த மைக் செத்துப்போனது. நண்பன் வயரைப் பிடுங்கியிருந்தான்.

"உனக்கு யார்ரா மச்சான் சொன்னது?" என்றான்.

புத்தகத்தில் இருக்கிறது என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. மூத்தவர் தம்பிக்குத் தெரியாமல் முழு நிலத்துக்கும் ஒரு பிளாட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டதாக ஊருக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்ததாம். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அதை மாமரத்தையும் விடாமல் ஸ்பீக்கரில் சொன்ன முதல் ஆள் நான்.

மறுநாள் சாயங்காலம் மூத்தவரின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். உள்ளே வரமாட்டேன் என்று வாசல் கேட் பக்கத்திலேயே நின்றார்.

"சார், பத்திரம் முடிஞ்சத உங்களுக்குச் சொன்னது யாரு? அந்த ஆள மட்டும் காட்டுங்க, நான் பாத்துக்கிறேன்."

அது வங்காளத்தில் நடந்தது, நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். பாடப்புத்தகத்தைக்கூட எடுத்து வந்து காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"பயந்துகினு கீறீங்க. பரவால்ல சார்," என்றார். பைக்கை உதைத்துக்கொண்டு போனார். அவர் முகத்தில் இருந்தது நன்றி. அதைப் பார்த்த பிறகுதான் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன்.

அந்த வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளை வேன் நிற்க ஆரம்பித்தது. யாரும் இறங்க மாட்டார்கள், ஏறவும் மாட்டார்கள். மனைவிதான் முதலில் கவனித்தாள். காலையில் கோலம் போடும்போதும் நிற்கிறது, காயப்போட்ட துணியை எடுக்கப் போகும்போதும் நிற்கிறது என்றாள். நான் பால் வண்டியாக இருக்கும் என்றேன். பால் வண்டி எதற்கு கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறது என்று கேட்டாள். ஸ்டேஷன் டீக்கடையில் இரண்டு பேர் என்னைப் பற்றி விசாரித்தார்களாம். சாருக்கு எந்த டிரெயின், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று. கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது என்று கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார். வீட்டு ஓனர் வந்து, சொந்தக்காரர் ஒருவருக்குப் போர்ஷன் தேவைப்படுகிறது, அவசரமில்லை, சீக்கிரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

மூத்தவரிடம் நேரில் போய் மன்னிப்பு கேட்டுவிடு என்றான் நண்பன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவனை மனைவி தடுத்தாள்.

"என்னன்னு சொல்லிக் கேப்பீங்க? உங்களச் சொல்லலைனு சொன்னா, அப்ப நான் அந்த மாதிரி ஆளான்னு கேப்பாரு. சொன்னது தப்புன்னா, எது தப்புன்னு கேப்பாரு."

நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். மின்சார ரயிலில் ஊரப்பாக்கத்தில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும் வரை கதவோரம் நிற்பதை நிறுத்தினேன். பெட்டியின் நடுவில், ஆட்களுக்கு நடுவில் நின்றேன்.

ஒரு மதியம் மூத்தவரே டுடோரியலுக்கு வந்தார். படியேறி வந்த மூச்சோடு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். பின்னால் ஒரு ஆள் வந்து படியிலேயே நின்றுகொண்டான். வகுப்பு பாதியில் இருந்தது. அவர் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய், ஒரு பையனை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

"அந்த மேட்ச்ச இன்னொரு வாட்டி சொல்லு வாத்தியாரே. அன்னிக்கு மைக்கு கட்டாயிட்ச்சி, முழுசாக் கேக்கல."

பையன்களுக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. நான் போர்டைத் துடைத்துவிட்டுப் பிளாசியைப் பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். ஆண்டு, இடம், காரணங்கள். அவர் கையை உயர்த்தினார்.

"இப்டியில்ல. சிரிக்கிற மாதிரி சொல்லுவியாமே. அப்டிச் சொல்லு."

சொன்னேன். தார்ப்பாய், மழை, நனைந்த மருந்து, ஓரத்தில் நிற்கிற தளபதி. எந்த வார்த்தையை விட்டாலும் விட்டது தெரிந்துவிடும் என்பதால் கையெழுத்தையும் சொன்னேன். கிரவுண்டையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வர்ணனைக் குரல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பயந்தவனின் கீச்சுக் குரலாக எனக்கே கேட்டது.

அவர் டவலால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தாளு அப்பறம் இன்னா ஆனான்?"

"நவாப் ஆக்குனாங்க."

"அப்பறம்?"

"கம்பெனி கேட்டதையெல்லாம் குடுக்க முடியல. சில வருஷத்துல அவங்களே இறக்கிட்டாங்க. மறுபடி தேவைப்பட்டப்ப ஏத்துனாங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் இல்ல, செத்துட்டாரு."

"வெட்டிட்டானுங்களா?"

"இல்லண்ணா. உடம்பு சரியில்லாம."

அவர் டவலை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "படுக்கையிலதான் செத்துகீறான்," என்று சொல்லிக்கொண்டார். எனக்குச் சொன்னாரா, தனக்கேவா, தெரியவில்லை. பிறகு எழுந்து, நகர்ந்து உட்கார்ந்திருந்த பையனின் தலையில் கை வைத்து, நல்லாப் படி என்றார். என் பக்கத்தில் வந்தபோது சந்தன சோப்பு வாசனை வந்தது.

"கிளாஸ் எடு, வாணாங்கல. மைக்க மட்டும் புடிக்காத."

அன்று மாலையிலிருந்து தெருமுனையில் வேன் இல்லை. இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினோம் என்று சொல்ல முடியாது, ஆனால் தூங்கினோம். பிறகு ஒரு காலையில் ஜேசிபி வந்து மாமரங்களைச் சாய்த்தது. மத்தியானத்துக்குள் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டினார்கள். நிலத்தின் முகப்பில் வைத்த போர்டில் மூத்தவர் கைகூப்பிச் சிரித்தார். தம்பி அந்தக் கம்பியை அறுத்ததாகவும், கோர்ட்டுக்குப் போவதாகவும் பேசிக்கொண்டார்கள். மழை ஓய்ந்த மாதத்தில் தம்பி படப்பை ரோட்டில் பைக்கோடு கிடந்தார். இரண்டு காலும் உடைந்திருந்தன. லாரி இடித்தது என்றார்கள். லாரியைப் பார்த்தவர் யாரும் இல்லை. நண்பன் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டான், கதவு சாத்தியிருந்தும்.

நாங்கள் சேலையூர் பக்கம் வீடு மாறினோம். நான் பாடத்தைப் பாடமாகவே நடத்தினேன். பையன்கள் பழையபடி பெஞ்சில் சாய்ந்தார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு பழைய மாணவனின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மண்டபம் ஊரப்பாக்கத்தில், புதிதாகக் கட்டியது. போன பிறகுதான் அது மூத்தவருடைய மண்டபம் என்று தெரிந்தது. அந்த வெட்டவெளியின் முன்பகுதியிலேயே கட்டியிருந்தார். திரும்பிவிடலாம் என்றேன். மனைவி, பையன் எதிர்பார்ப்பான், போய்விட்டு வந்துவிடலாம் என்றாள்.

வாசலில் மூத்தவர் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். உடம்பு நன்றாகப் பூசியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் தம்பி, கையில் பன்னீர்ச் செம்பு, தொடைமேல் சாத்திய ஊன்றுகோல். இருவரும் ஒரே மாதிரிப் பட்டுச் சட்டை போட்டிருந்தார்கள். எப்போது சேர்ந்தார்கள், எப்படிச் சேர்ந்தார்கள், அதைச் சேர்ந்தது என்று சொல்லலாமா, எனக்குத் தெரியாது. விசாரிக்கிற தைரியமும் இல்லை.

மூத்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம வாத்தியாரு," என்று தம்பியிடம் சொன்னார். தம்பி நிமிர்ந்து பார்த்தார். செம்பைச் சாய்த்து எங்கள் மேல் பன்னீர் தெளித்தார். சில்லென்று இருந்தது. மூத்தவர் என் முழங்கையைப் பிடித்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று பந்தி வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு போனார். இலை போட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.